கடைசியாக உள்ளே போனவர்

எந்த வண்டியில் ஏறினாலும் கால் மணி நேரத்தில் தூங்கிவிடுவேன். சிங்கப்பூர் ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய், எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வந்த நாட்களுக்குக் கணக்கே இல்லை. அதனால் திருச்சியிலிருந்து அரியலூருக்கு வந்த வழியைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. நடுவில் ஒரே ஒரு முறை கண் விழித்தேன். சாலையில் பாதி மஞ்சளாக இருந்தது. கார் அதன் மேல் ஏறாமல் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

“மக்காச்சோளம் காயுதுங்க மேடம்,” என்றார் ஓட்டுநர் மணிவேல். “தார் ரோட்டுல போட்டாத்தான் வெரசா காயும். நாமதான் ஒதுங்கிப் போயிக்கணும்.”

“எதிரே பஸ் வந்தால்?”

“பஸ்ஸும் ஒதுங்கிக்கும்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, எதிரே ஒரு பஸ் வந்தது. வேகத்தைக் குறைத்து, மண்ணில் இறங்கி, சோளத்துக்கு வழிவிட்டுப் போனது. எங்கள் ஊரில் சாலையில் ஒரு காகிதத் துண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக நடக்க முடியாது. இங்கே ஒரு குடும்பத்தின் விளைச்சல் முழுவதும் நட்ட நடுச்சாலையில் வெயில் காய்கிறது. இது கனவாகத்தான் இருக்கும் என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

நான் சிங்கப்பூர்க்காரி. பெயர் பூங்கோதை. கணினிகளின் டிஸ்க்கில் இருப்பதை வேறு ஊரில் இருக்கும் டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுப்பது என் வேலை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பழைய மெயின்ஃபிரேம் ஒன்று இருக்கிறது. இரண்டு பீரோக்களைச் சேர்த்து வைத்தாற்போல இருக்கும். ஆலைக்கு வருகிற ஆள், போகிற லாரி, வெட்டுகிற கல், எல்லாம் அதில்தான் ஏறும். அதில் எழுதப்படும் ஒவ்வொன்றும் அந்தக் கையோடு பெரம்பலூரில் ஒரு கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்குக்கும் போய்விட வேண்டும். அரியலூரில் ஏதாவது ஆகிவிட்டால் பெரம்பலூர் எழுந்து வேலையைத் தொடரும். அது உண்மையிலேயே எழுந்திருக்கிறதா என்று ஒத்திகை பார்த்து, ‘இந்த நகலை நம்பலாம்’ என்று கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தேன்.

ஒரு சிக்கல் உண்டு. மெயின்ஃபிரேம் தனிக்கட்டை இல்லை. அதன் பக்கத்தில் யுனிக்ஸ் கணினி, சுரங்க வாசலில் யார் உள்ளே போனார்கள் என்று குறிக்கும் விண்டோஸ் கணினி. ஒரே சமையலறையில் மூன்று மருமகள்கள், ஆளுக்கு ஒரு பக்குவம். மெயின்ஃபிரேம் எதை எழுதினாலும் எழுதிய நேரத்தையும் கூடவே குறித்துவைக்கும். மற்ற இரண்டும் எழுதும்; பதிவுக்குள் நேரம் இருந்தாலும், டிஸ்க்கில் எழுதிய நேரத்தைக் குறிக்காது. இவர்கள் எழுதியதையெல்லாம் பெரம்பலூரில் ஒரே கணத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கு எல்லா டிஸ்க்குகளையும் ஒரே குழுவில் கட்டியிருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. மெயின்ஃபிரேம் ஒரு குழு, மற்றவை இன்னொரு குழு என்று பிரித்துவிட்டேன். சேர்த்துக் கட்ட இன்னும் இரண்டு வாரம் பிடிக்கும், எனக்குச் சோம்பல். இரண்டும் வேகமாகத்தானே ஓடுகின்றன, என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஆவணத்தில் ‘இரண்டும் ஒரே கணத்தில் நிற்கும்’ என்று எழுதியும் கொடுத்துவிட்டேன்.

அரியலூர்க் கணினி அறையில் தமிழரசி இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் உடையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். மதியம் என்னைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப்போனார். இலையில் சோறு, சின்ன வெங்காயம் முழுசு முழுசாய்க் கிடந்த காரக்குழம்பு, பச்சை முந்திரி போட்ட பொரியல். எங்கள் ஊரில் முந்திரியைப் பாயசத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே அதைக் காய் மாதிரி அள்ளி வைக்கிறார்கள்.

“உங்க பூர்வீகம் எந்த ஊருங்க?” என்று கேட்டார் தமிழரசி.

“தெரியாது. என் தாத்தாவுக்கே தெரியாதாம்.”

“அது எப்படிங்க தெரியாம இருக்கும்?” சற்று யோசித்தார். “அப்ப இந்தப் பக்கமாக்கூட இருக்கலாம். யாரு கண்டா?” என்று முடிவு கட்டிவிட்டு, பரிமாறுபவரிடம், “அண்ணே, எங்க ஊரு அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க,” என்றார்.

சாப்பிட்டு வந்ததும் கணினி அறையின் குளிரில் எனக்குச் சொக்கியது. மெயின்ஃபிரேமின் மின்விசிறிகள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் இரண்டு குழுக்களுக்கும் பச்சை விளக்கு. எல்லாம் சரியாக இருக்கும்போது என் தொழிலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் பெரம்பலூர் போக வேண்டும். மணிவேலின் கார் காலையில் கிளம்ப மறுத்தது. அவர் மூடியைத் திறந்து பார்த்து, “பேட்டரி படுத்துடுச்சுங்க. நீங்க பஸ்ஸுல போயிடுங்க, பின்னாடியே வந்துடுறேன்,” என்றார். ஏறிய பஸ்ஸில் ஆட்களைவிட வெங்காய மூட்டைகள் அதிகம். ஒரு மூட்டையின் மேல் எனக்கு இடம் கிடைத்தது. நெடி கண்ணைக் கரித்தது. அப்படியும் தூங்கினேன். விழித்தபோது என் தோள்மேல் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழித்து, மன்னிப்பு எதுவும் கேட்காமல், “பெரம்பலூரு தாண்டிடுச்சா?” என்றார். பின்னால் யாரோ, “இன்னும் வல்ல, தூங்குங்க,” என்றார்கள். நாங்கள் இருவரும் கீழ்ப்படிந்தோம்.

பெரம்பலூர்க் கட்டடத்தை அன்சாரி பார்த்துக்கொள்கிறார். ஐம்பதுக்கு மேல் வயது, கசங்காத வெள்ளைச் சட்டை. அரியலூரில் இருந்த டிஸ்க் பெட்டிகளுக்கு இணையான பெட்டிகள் அங்கே அமைதியாக நின்றன. “இங்க எல்லாம் ரெடியா இருக்கு மேடம். இன்ஷா அல்லாஹ், நாளைக்கு நல்லபடியா முடியும்,” என்றார். மதியம் அவர் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தாளிச்சாவும் வந்தன. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

சாயங்காலம் கார் சரியாகி வந்தது. “இவ்வளவு தூரம் வந்துட்டு கல்மரம் பாக்காம போனா எப்படிங்க?” என்று மணிவேல் என்னைச் சாத்தனூருக்குக் கொண்டுபோனார். ஒரு பெரிய மரம் தரையில் படுத்திருந்தது. மரம் என்று தொட்டால் கல். பட்டையின் வரி, கணு, விரிசல், எல்லாம் அப்படியே. மரம் துளித்துளியாகப் போகப் போக, அந்தந்த இடத்தில் கல் வந்து உட்கார்ந்ததாம். கேட்க யாருமில்லாத காலத்தில், அவசரமே இல்லாமல், எவ்வளவு பொறுமையாக ஒரு வேலை நடந்திருக்கிறது. வெயில் சாய்ந்து கல் சிவந்தது. எனக்கு எழுந்து வர மனமில்லை.

“அருமையான நகல். ஒன்றுகூட விடுபடவில்லை,” என்றேன்.

மணிவேல் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். “விட்டுப்போயிருந்தா மட்டும் எப்படிங்க தெரியும்? மூலம்தான் இல்லியே.”

சிரித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் தூங்கினேன்.

புதன்கிழமை ஒத்திகை. பதினொன்றே முக்காலுக்கு அரியலூரின் இணைப்பைத் துண்டிப்பது, அதன் பிறகு மாலைவரை ஆலையைப் பெரம்பலூர் நகல் நடத்துவது என்று ஏற்பாடு. பதினொன்று நாற்பதுக்குத் தமிழரசி சுரங்க வாசலுக்கு ஃபோன் போட்டார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை இங்கே எல்லோரும் மைன்ஸ் என்கிறார்கள். உள்ளே இறங்குபவர் வாசலில் அட்டையைத் தேய்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

“அண்ணே, கடைசியா உள்ள போனது யாரு? கொளஞ்சியா? பம்பு ஆப்பரேட்டரு? சரி, வச்சிடுறேன்.” அந்தப் பெயரைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

“இது எதற்கு?”

“பழக்கங்க. எப்ப சிஸ்டத்த மாத்துனாலும் கடைசியா போன பேரக் கேட்டு வச்சிக்குவேன். அந்தப் பேரு அந்தப் பக்கம் இருந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி போனவங்க எல்லாரும் இருக்காங்கன்னு அர்த்தம்.”

“நடைமுறைப் பட்டியலில் அது இல்லையே. மென்பொருளே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளும்,” என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

துண்டித்தோம். பெரம்பலூர் எழுந்தது. யுனிக்ஸ் எழுந்தது, விண்டோஸ் எழுந்தது, மெயின்ஃபிரேமும் எழுந்தது. எல்லாம் பச்சை. அன்சாரி ஃபோனில் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, நாளை மறுநாள் விமானம் என்று என் மனம் மிதக்கத் தொடங்கிவிட்டது. ஒரு மணி நேரம் ஒவ்வொரு துறையாக ஃபோன் வந்தது. லாரி ஓடுகிறது, ஆலை ஓடுகிறது, குறை இல்லை என்றார்கள். கூட்டம் குறைந்ததும் தமிழரசி தன் உள்ளங்கையைப் பார்த்தார். அன்சாரியைக் கூப்பிட்டார்.

“பாய், மைன்ஸு கேட்டுல கொளஞ்சின்னு ஒரு பேரு இருக்கா, பாத்துச் சொல்லுங்க.”

ஒலிபெருக்கியில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “இல்லம்மா. மைன்ஸுக்குள்ள யாருமே இல்லன்னுதான் காட்டுது.”

“இன்னொரு தடவ பாருங்க பாய்.”

“ரெண்டு தடவ பாத்துட்டேன். கேட்டுல கடைசிப் பதிவு பதினொண்ணரைக்கு இருக்கு. அதுக்கப்பறம் ஒண்ணுமில்ல.”

எனக்கு உடனே விளங்கியது. மெயின்ஃபிரேம் குழு துண்டித்த நிமிடம்வரை வந்து நின்றிருக்கிறது. மற்ற குழு கால் மணி நேரம் பின்தங்கி நின்றிருக்கிறது. இரண்டும் தங்கள் வரையில் சரி என்பதால் இரண்டுக்கும் பச்சை விளக்கு. கொளஞ்சி என்கிற மனிதர் அந்த இடைவெளிக்குள் இறங்கிப் போயிருக்கிறார். அரியலூரில் அவர் உள்ளே இருந்தார். பெரம்பலூரில் அவர் இறங்கவே இல்லை.

தமிழரசி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம். “மேடம், ஒரு மணிக்கு மைன்ஸுல வெடி,” என்றார். “லிஸ்டப் பாத்துட்டுத்தான் வெடிப்பாங்க. லிஸ்டு பெரம்பலூர்லேர்ந்துதான் போயிருக்கு.”

வெடிக்குப் பொறுப்பான அதிகாரியை எல்லோரும் வெடி சார் என்பார்கள். அவர் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. சுரங்க வாசலில் எடுக்க ஆளில்லை, சிவப்புக் கொடி கட்டப் போயிருந்தார்கள். நாங்கள் ஓடினோம். மணிவேல் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். பாதி வழியில் சிமென்ட் லாரிகளின் வரிசை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் கருவேலம். தமிழரசி கதவைத் திறந்து குதித்து, எதிரே மொபெட்டில் வந்தவரை மறித்து, “அண்ணே, மைன்ஸு கேட்டு, சீக்கிரம்!” என்று பின்னால் ஏறிப் போய்விட்டார். நான் லாரிகளுக்கு நடுவே ஓடினேன். முதல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. வாழ்க்கையில் எந்தப் பயணத்திலும் அன்றைக்குப் போல நான் விழித்திருந்தது இல்லை.

போய்ச் சேர்ந்தபோது வெடி சார் கையில் தாளோடு நின்றிருந்தார். தமிழரசி மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். “லிஸ்டுல யாரும் இல்லியேம்மா,” என்று அவர் தாளைக் காட்டினார். தாள் வெள்ளையாக இருந்தது.

“லிஸ்ட் தப்பு சார்,” என்றேன். “தப்புப் பண்ணினது நான். கொளஞ்சி கீழே இருக்கிறார்.”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு திரும்பி, “வெடிய நிறுத்துடா! கொடிய எறக்காத! பம்புக் கொட்டாய்க்கு ரெண்டு பேரு ஓடுங்க!” என்று கத்தினார்.

காத்திருந்தோம். வெடி சார் என் பக்கம் திரும்பாமலே பேசினார். “தினம் பம்புக் கொட்டாய்க்கு ஒரு ஆள அனுப்பிப் பாத்துட்டுத்தான் வெடிப்போம். இன்னிக்கி புது சிஸ்டம், சிங்கப்பூர்லேர்ந்து வந்து செஞ்சிருக்காங்க, தப்பே வராதுன்னாங்க. லிஸ்டே காலியா இருக்கு, எதுக்கு ஆளுன்னு விட்டுட்டேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் தப்பைச் சொல்வது போலச் சொன்னார். நான் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதேன்.

பள்ளத்துக்குள் வளைந்து போகும் பாதையில் மூன்று பேர் ஏறி வந்தார்கள். நடுவில் வந்தவர்தான் கொளஞ்சி. மெலிந்த ஆள், முழங்கால்வரை சேறு. “மோட்டாரு சத்தத்துல சங்கு கேக்கலிங்க,” என்றார். கூட்டத்தைப் பார்த்து அவருக்கு எரிச்சல். “இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன். தூக்குவாளி அங்கயே கெடக்கு. இத்தினி பேரு எதுக்கு நிக்கிறீங்க?”

தமிழரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேர்வையில் கரைந்த தமிழரசியின் உள்ளங்கை மை கொளஞ்சியின் மணிக்கட்டில் ஒட்டியது.

மாலையில் சிங்கப்பூரிலிருந்து என் மேலாளர் பேசினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒத்திகையில் சிறு தாமதம் வருவது சகஜம். ‘கவனிக்க வேண்டியது’ என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வா, பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

“அது தாமதம் இல்லை, ஒரு ஆள்,” என்றேன். “தேறவில்லை என்றுதான் எழுதப் போகிறேன். குழுவைப் பிரித்தது நான் என்பதையும் எழுதுவேன்.” வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஃபோனை வைத்துவிட்டு எழுதி அனுப்பினேன். அதன் பிறகு விமானத்தைத் தள்ளிப்போட்டேன்.

அடுத்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. இந்தப் பக்கம் நானும் தமிழரசியும், அந்தப் பக்கம் அன்சாரி. எல்லா டிஸ்க்குகளையும் ஒரே குழுவில் கட்டினோம். மெயின்ஃபிரேம் ஒரு கட்டளை கொடுத்ததும் மூன்று ரகக் கணினிகளும் எழுதுவதை நிறுத்தி, கண் இமைக்கும் நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணம்வரை எழுதியது மொத்தமும் பெரம்பலூர் போய்ச் சேரும். அதன் பிறகுதான் மறுபடி எழுதும். காரக்குழம்பு, நெய்ச்சோறு, பரோட்டா, மறுபடியும் காரக்குழம்பு. மணிவேல் சாலையில் காயும் சோளத்தைச் சுற்றிச் சுற்றி என்னை இரண்டு ஊருக்கும் நடுவே கொண்டுபோய்க் கொண்டுவந்தார். வெளியே எல்லாம் வெள்ளை வெயிலில் நீந்தியது. நான் தூங்கவில்லை.

அடுத்த ஒத்திகை அன்று காலையில் வெடி சாரிடம் போய், “இன்று கடைசியாக உள்ளே போகிற ஆள் நானாக இருக்கிறேன்,” என்றேன். அவர் மறுத்தார். தமிழரசி தன் வாயால் சொல்லும்வரை வெடி கிடையாது என்று பேசி ஒத்துக்கொள்ள வைத்தோம். பெரம்பலூர் லிஸ்டில் என் பெயர் இருந்தால் வெடி சார் ஆள் அனுப்புவார். இல்லாவிட்டால் நான் ஒரு மணிவரை அங்கேயே இருந்துவிட்டு நானாக ஏறி வர வேண்டும். பள்ளத்தின் அடியில் ஃபோன் எடுக்காது.

பதினொன்று நாற்பத்து நான்குக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு இறங்கினேன். பம்புக் கொட்டகையில் அன்று ஆளில்லை, மோட்டார் நின்றிருந்தது. சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர்கள், படிப்படியாக, வெளிறிப்போய். காலடியில் கிடந்த கல்லில் ஒரு சிப்பி பதிந்திருந்தது. பக்கத்துக் கல்லில் சுருண்ட சங்கு. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். எங்கள் ஊரில் கடலைத் தூர்த்து அதன்மேல் வீடு கட்டுகிறோம். இங்கே கடல் தானாகப் போய், வெறும் தரையை விட்டுவைத்திருக்கிறது. தண்ணீர் தேங்கிய குழியில் வானம் அசையாமல் கிடந்தது. ஒரு மைனா வந்து குடித்துவிட்டுப் போனது. மேலே இந்நேரம் இணைப்பைத் துண்டித்திருப்பார்கள்.

நேரம் போவது தெரியவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் தெரிந்தது. யாரும் வரவில்லை. போன ஒத்திகை அன்று இதே கொட்டகையில், யாருடைய கணக்கிலும் இல்லாமல், ஒரு மனிதர் தன் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார் என்று நினைத்தேன்.

முதலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு வளைவில் ஒரு சிவப்புக் கொடி. அதைப் பிடித்துக்கொண்டு கொளஞ்சி ஓடி வந்துகொண்டிருந்தார்.

“மேடம்,” என்றார் இரைக்க இரைக்க. “உள்ள ஒரு ஆளு இருக்குன்னு பெரம்பலூர்லேர்ந்து லிஸ்டு வந்துருக்கு. உங்க பேருதானாம். சார் கூட்டியாரச் சொன்னாரு, வாங்க.”

எழுந்து அவர் பின்னால் நடந்தேன்.